ஒரு டிரா, ஒரு தோல்வி: 2018-19 ஐ-லீக் கோப்பை கோவைக்கு வந்த விதம்

2018-19 ஐ-லீக் தேசியக் கால்பந்துப் போட்டியின் இறுதிப் புள்ளிப்பட்டியலில் முதல் இரண்டு வரிகளை மட்டும் எடுத்துக்கொள்வோம். சென்னை சிட்டி: 20 ஆட்டம், 13 வெற்றி, 4 டிரா, 3 தோல்வி, 43 புள்ளி. ஈஸ்ட் பெங்கால்: 20 ஆட்டம், 13 வெற்றி, 3 டிரா, 4 தோல்வி, 42 புள்ளி. இரண்டு அணிகளும் ஜெயித்த ஆட்டங்கள் சமம். ஒருவருக்கு டிராவாக முடிந்த ஒரு ஆட்டம் இன்னொருவருக்குத் தோல்வியாக முடிந்திருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். அந்த ஒரு புள்ளியால்தான் கோப்பை ஈஸ்ட் பெங்காலின் கொல்கத்தாவுக்குப் போகாமல், சென்னை சிட்டியின் சொந்த மைதானம் இருந்த கோயம்புத்தூருக்கு வந்தது.

தமிழ்நாட்டில் இருந்து ஒரு கிளப் தேசிய லீகை வென்றது அதுவே முதல்முறை. இதைச் சொன்னால் உடனே யாராவது ‘சென்னையின் எஃப்.சி.’ என்ற இன்னொரு கிளப்பை நினைவூட்டுவார்கள். சரிதான், அவர்கள் 2015-லும் 2017-18-லும் இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) கோப்பையைத் தூக்கியவர்கள். ஆனால் ஐ.எஸ்.எல்.லில் அப்போது லீக் ஆட்டங்கள் முடிந்தபின் அரையிறுதி, இறுதி என்று தனியாக ஒரு கட்டம் இருந்தது. அதை வென்றவரே சாம்பியன். ஐ-லீக் அப்படியில்லை. அந்தப் பருவத்தில் 11 அணிகள், ஒவ்வொன்றும் மற்ற பத்தோடும் தன் ஊரில் ஒருமுறை, அவர்கள் ஊரில் ஒருமுறை. மொத்தக் கணக்கில் யார் மேலே இருக்கிறாரோ அவருக்குக் கோப்பை. ஒரு நல்ல மாலைப்பொழுது போதாது, ஐந்து மாதம் தாங்க வேண்டும்.

எந்தச் சூழலில் இந்த அணி ஜெயித்தது என்பதைப் பார்க்காவிட்டால் இந்த ஒரு புள்ளியின் கனம் தெரியாது. அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

தேசிய கால்பந்து லீக் 1996-97-இல் தொடங்கியது. முதல் சாம்பியன் பஞ்சாபின் ஜே.சி.டி. 2007-08-இல் அதே லீக் ஐ-லீக் என்று பெயர் மாறியது. அந்தக் காலத்தில் தமிழ்நாட்டின் பங்கு என்றால் இந்தியன் வங்கி அணி சில காலம் ஆடியதும், நம் ஊர் வீரர்கள் வெளியூர் கிளப்புகளுக்காக ஆடியதும்தான். 1997-98 தேசிய லீகில் அதிக கோல் அடித்தவர் தமிழரான ராமன் விஜயன். அவர் அடித்த 10 கோல்களும் ஈஸ்ட் பெங்காலுக்காக. தமிழ்நாட்டில் நன்றாக ஆடுபவன் ஒன்று வங்கி, ரயில்வே என்று வேலைக்குப் போவான், இல்லை கொல்கத்தாவுக்கோ கோவாவுக்கோ வண்டி ஏறுவான். இதுதான் வழக்கம்.

2010 டிசம்பரில் அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் ஐ.எம்.ஜி. - ரிலையன்ஸ் கூட்டணியோடு 15 ஆண்டுக்கு 700 கோடி ரூபாய் ஒப்பந்தம் போட்டது. அதன் விளைவாக 2014-இல் ஐ.எஸ்.எல். வந்தது. சினிமா நட்சத்திரங்கள், கிரிக்கெட் நட்சத்திரங்கள், ஓய்வுபெறும் வயதில் இருந்த ஐரோப்பியப் பிரபலங்கள் என்று ஒரே கொண்டாட்டம். முதலில் இரண்டு மாதப் போட்டியாக இருந்தது, பின்னர் நீண்டு ஐ-லீக் நடக்கும் அதே மாதங்களில் உட்கார்ந்துகொண்டது. 2017-18 முதல் இரண்டும் ஒரே நேரத்தில் ஓடின. ஐ-லீகை இரண்டு முறை வென்றிருந்த பெங்களூரு எஃப்.சி. அந்த ஆண்டு ஐ.எஸ்.எல்.லுக்கு மாறியது. பணம், தொலைக்காட்சி, தேசிய அணி வீரர்கள் எல்லாம் அந்தப் பக்கம் நகர்ந்தன.

இங்கேதான் ஒரு வேடிக்கை நடந்தது. பெரிய ஆட்கள் கிளம்பிக்கொண்டிருந்த வீட்டில் சின்னப் பிள்ளைகள் ஆட்டம் போடுவதுபோல, ஐ-லீகை அதுவரை யாரும் எதிர்பார்க்காத ஊர்கள் வெல்ல ஆரம்பித்தன. 2016-17-இல் மிசோரத்தின் ஐஸ்வால். 2017-18-இல் மினெர்வா பஞ்சாப். 2018-19-இல் சென்னை சிட்டி. கொல்கத்தாவின் இரு பெரும் கிளப்புகளான ஈஸ்ட் பெங்காலும் மோகன் பகானும் மூன்று ஆண்டும் வேடிக்கை பார்க்க வேண்டியதாயிற்று. லீக் பலவீனமானதால் வந்த வெற்றிகள் இவை என்று அப்போது ஒரு பேச்சு இருந்தது. அதில் கொஞ்சம் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை. அதற்கான சாட்சி பின்னால் வருகிறது.

சென்னை சிட்டி 2016-17-இல் நேரடி அனுமதி பெற்று ஐ-லீக்குக்குள் வந்த கிளப். உரிமையாளர் ரோஹித் ரமேஷ். பெயரில் சென்னை இருந்தாலும் ஆடுகளம் கோவையின் ஜவாஹர்லால் நேரு ஸ்டேடியம். சென்னையில் இருக்கும் நேரு ஸ்டேடியம் ஐ.எஸ்.எல். அணியின் வீடு. ஆக, ஒரே தலைவர் பெயரில் இரு மைதானங்கள், ஒரே ஊர்ப் பெயரில் இரு கிளப்புகள். வெளியூர் நண்பர்களுக்கு இதை விளக்கி விளக்கியே எனக்கு அலுத்துவிட்டது. கோவை மைதானத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது கால்பந்துக்கென்றே கட்டியதல்ல. புல்தரையைச் சுற்றி ஓடுதளம் இருக்கும். கேலரியில் உட்கார்ந்தால் பந்துக்கும் நமக்கும் நடுவே அந்தச் சிவப்பு வளையம். வ.உ.சி. பூங்கா பக்கத்திலேயே, ஊரின் நடுவில் இருப்பது ஒரு வசதி. காலையில் நடைப்பயிற்சிக்கு வரும் இடத்தில் மாலையில் தேசிய லீக் ஆட்டம்.

முதல் இரண்டு ஆண்டும் இந்த அணி பட்டியலின் கீழ்ப்பாதியில்தான் கிடந்தது. 2017-18-இல் இருந்த ஒரே வெளிச்சம் மைக்கேல் சூசைராஜ். கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையில் இருந்து வந்தவர். அந்தக் கடலோர ஊர்களில் மாலை ஆனால் மணலில் கிரிக்கெட் மட்டையைவிடப் பந்தைத்தான் அதிகம் பார்க்கலாம். அந்தப் பருவத்தின் சிறந்த மிட்ஃபீல்டர் விருது அவருக்குக் கிடைத்தது. விருது கிடைத்தால் அடுத்து என்ன நடக்கும்? ஜாம்ஷெட்பூர் எஃப்.சி. கூப்பிட்டது, ஐ.எஸ்.எல்.லுக்குப் போய்விட்டார். தம் ஆகச் சிறந்த வீரரை இழந்துவிட்டு அடுத்த பருவத்துக்குள் போன அணிதான் கோப்பையை வென்றது. அவருடைய சகோதரர் மைக்கேல் ரெஜின் சென்னை சிட்டி அணியில் இருந்தார்.

2018-இல் மூன்று விஷயங்கள் மாறின. முதலாவது, பயிற்சியாளராக சிங்கப்பூரின் அக்பர் நவாஸ் வந்தார். அதற்குமுன் பிலிப்பைன்ஸில் குளோபல் செபு அணியில் இருந்தவர். இந்தியக் கிளப்புகள் பொதுவாகப் பின்னால் இருந்து பந்தை நீளமாக உதைத்து, முன்னால் நிற்கும் உயரமான வெளிநாட்டு ஸ்ட்ரைக்கர் தலையில் விழவைத்துப் பிழைப்பவை. இவர் அதைச் செய்யவில்லை. கோல்கீப்பரிடம் இருந்தே குட்டைக் குட்டையாகப் பாஸ் போட்டு மேலே ஏறும் ஆட்டத்தைக் கொண்டுவந்தார். இதில் ஆபத்து அதிகம். நடுவில் ஒருவன் தடுமாறினால் எதிரணி நேராக கோல் முன் நிற்கும். அந்த ஆபத்தை ஏற்றுக்கொண்ட கணக்கு புள்ளிவிவரத்திலேயே தெரிகிறது: அந்தப் பருவத்தில் சென்னை சிட்டி அடித்தது 48 கோல், வாங்கியது 28. சராசரியாக ஒரு ஆட்டத்துக்கு இரண்டுக்கும் மேல் அடித்து, ஒன்றுக்கும் மேல் வாங்கியிருக்கிறார்கள். கோப்பை வெல்லும் அணிகள் கதவைச் சாத்திக்கொண்டு 1–0, 1–0 என்று நகரும் என்பார்கள். இவர்கள் கதவைத் திறந்து போட்டுவிட்டு, நீ ஒன்று அடித்தால் நான் இரண்டு அடிக்கிறேன் என்று ஆடினார்கள்.

இரண்டாவது மாற்றம் ஸ்பெயின் வீரர்கள். பெத்ரோ மான்சி, நெஸ்டோர் கோர்தில்லோ, சாந்த்ரோ ரோட்ரிகஸ், ராபர்டோ எஸ்லாவா. இந்திய ரசிகர்களில் யாருக்கும் முன்பின் தெரியாத பெயர்கள். ஸ்பெயினின் கீழ்நிலை லீகுகளில் ஆடிக்கொண்டிருந்தவர்கள். ஐ.எஸ்.எல். கிளப்புகள் ஒரு பிரபலத்துக்குச் செலவழிக்கும் தொகையில் இந்த நால்வருக்கும் சம்பளம் போயிருக்கும் என்பது என் ஊகம். ஆனால் இவர்கள் ஒரே கால்பந்து மொழி பேசினார்கள். தற்காப்பில் எஸ்லாவா, நடுவில் சாந்த்ரோ, அவருக்கு முன்னால் நெஸ்டோர், உச்சியில் மான்சி. மைதானத்தின் நடுக்கோட்டில் ஒரு முதுகெலும்புபோல நால்வர். சுற்றிலும் உள்ளூர்ப் பையன்கள்.

மான்சியைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். உருகுவேயில் பிறந்து ஸ்பெயினில் ஆடிப் பழகியவர். பருவத்தின் முதல் ஆட்டம், 2018 அக்டோபர் 26, கோவையில் இந்தியன் ஏரோஸுக்கு எதிராக. ஏரோஸ் என்பது சம்மேளனமே நடத்திய இளைஞர் அணி. 4–1 என்று சென்னை சிட்டி ஜெயித்தது, மான்சிக்கு ஹாட்ரிக். சின்னப் பையன்களை அடித்ததற்கெல்லாம் என்ன பெருமை என்று அன்று தோன்றியது. பருவம் முடிந்தபோது அவர் கணக்கில் 21 கோல். கோவாவின் சர்ச்சில் பிரதர்ஸ் அணியின் வில்லிஸ் பிளாசாவும் 21. அந்த ஆண்டின் அதிக கோல் பட்டத்தை இருவரும் பகிர்ந்துகொண்டார்கள். மான்சி மின்னல் வேகக்காரர் இல்லை. பெட்டிக்குள் நிற்கும் இடம்தான் அவருடைய சரக்கு. டிஃபெண்டரின் பார்வை பந்து மேல் போகும் அந்த அரை நொடியில் ஒரு அடி பின்வாங்குவார். அப்புறம் பாஸ் வரும். ஒரே தொடுதல். அதிகம் போனால் இரண்டு.

மூன்றாவது, நம் பையன்கள். எட்வின் சிட்னி வான்ஸ்பால், அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ், அஜித்குமார், பிரவிட்டோ ராஜு, ரெஜின். எந்த ஐ.எஸ்.எல். கிளப்பும் அந்தக் கோடையில் தேடி வராதவர்கள். தமிழ்நாட்டுக் கால்பந்தில் இவர்களைப்போல எத்தனையோ பேர் லோக்கல் டிவிஷன், சந்தோஷ் டிராபி, அங்கங்கே செவன்ஸ் டோர்னமென்ட் என்று ஆடி, இருபத்தைந்து வயதில் பூட்ஸைக் கழற்றி வைத்தவர்கள். இவர்களுக்கு வாரம் தவறாமல் தேசிய அளவில் ஆட்டம் கிடைத்தது. பக்கத்தில் கேரளத்தில் இருந்து மஷூர் ஷெரீஃப், அசாமில் இருந்து கௌரவ் போரா. போராவின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எதிரே யார் யார் இருந்தார்கள்? ஈஸ்ட் பெங்கால் கடைசியாக தேசிய லீகை வென்றது 2003-04-இல். ஐ-லீக் என்ற பெயரில் ஒருமுறைகூட இல்லை. அந்த ஆண்டு புதிய முதலீட்டாளர், ரியல் மாட்ரிட்டின் இரண்டாம் அணியைப் பயிற்றுவித்த அலெஹாந்த்ரோ மெனெந்தெஸ், உலகக் கோப்பையில் ஆடிய கோஸ்டா ரிக்காவின் ஜானி அகோஸ்டா என்று பெரிய ஏற்பாட்டோடு வந்தார்கள். ஜாபி ஜஸ்டின் என்ற கேரளத்துக்காரர் இந்திய ஸ்ட்ரைக்கர்களுக்கு இன்னும் உயிர் இருக்கிறது என்று காட்டிக்கொண்டிருந்தார்.

இன்னொரு பக்கம் ரியல் காஷ்மீர். 2014 வெள்ளத்துக்குப் பிறகு ஸ்ரீநகர் இளைஞர்களுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று தொடங்கியதில் முளைத்த கிளப். முதன்முறையாக மேல்நிலை லீகுக்கு வந்திருந்தது. பயிற்சியாளர் ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸ் அணிக்கு ஆடிய டேவிட் ராபர்ட்சன். குளிர்காலத்தில் ஸ்ரீநகரில் போய் ஆடுவது எப்படியிருக்கும் என்று கோவைப் பையன்களைக் கேட்டுப் பார்க்க வேண்டும். பனி விழுந்ததால் அங்கே நடக்கவிருந்த ஈஸ்ட் பெங்கால் ஆட்டம் தள்ளிப்போனது. பிறகு 2019 பிப்ரவரி 14, புல்வாமா குண்டுத் தாக்குதல். நான்கு நாள் கழித்து ஸ்ரீநகரில் நடக்க வேண்டிய ஆட்டத்துக்கு மினெர்வா போக மறுத்துவிட்டது. காஷ்மீர் அணி மைதானத்துக்கு வந்தது, எதிரணி வரவில்லை. ஈஸ்ட் பெங்கால் ஆட்டத்தை டெல்லிக்கு மாற்றினார்கள். புதிதாக வந்த ஒரு அணி, பாதிப் பருவம் பனியோடும் மீதி நாட்டு நடப்போடும் மல்லுக்கட்டி மூன்றாம் இடத்தில் முடித்தது. இதைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம்.

இத்தனைக்கும் நடுவே, பருவத்தின் பாதியில், இனி லீகின் சில ஆட்டங்கள் மட்டும்தான் தொலைக்காட்சியில் வரும் என்று அறிவிப்பு வந்தது. ஐ-லீகை யாரும் பார்ப்பதில்லை என்று சொல்லிக்கொண்டே பார்க்க வழியில்லாமல் செய்வது! கிளப்புகள் கொதித்தன. அடுத்த ஆண்டு ஐ-லீக் இரண்டாம் நிலைக்குப் போகப்போகிறது என்ற வதந்தி ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருந்த நேரம் அது.

சரி, அந்த ஒரு புள்ளிக்கு வருவோம். அது கடைசி நாளில் வந்தது என்று எல்லோரும் சொல்வார்கள். என் கணக்கில் அது டிசம்பரிலும் ஜனவரியிலும் வந்தது. சென்னை சிட்டி கொல்கத்தாவுக்குப் போய் ஈஸ்ட் பெங்காலை 2–1 என்று வென்றது. கோவையிலும் அதே 2–1. ஈஸ்ட் பெங்காலின் நான்கு தோல்விகளில் இரண்டு இவை. கோப்பைக்குப் போட்டியிடும் இரு அணிகள் மோதும்போது ஒரு வெற்றி மூன்று புள்ளி தருவதோடு நிற்பதில்லை, எதிராளி எடுக்க வேண்டிய மூன்றையும் பறிக்கிறது. இரண்டில் ஒன்று டிரா ஆகியிருந்தால்கூட ஈஸ்ட் பெங்காலுக்கு 43, சென்னைக்கு 41. கோப்பை கைமாறியிருக்கும். இன்னொரு லாபமும் உண்டு. ஐ-லீக் விதிப்படி புள்ளிகள் சமமானால் கோல் வித்தியாசத்தைப் பார்ப்பதற்கு முன் அந்த இரு அணிகளும் தங்களுக்குள் ஆடிய ஆட்டங்களைத்தான் பார்ப்பார்கள். அதாவது சமமாக முடிந்தாலும் கோப்பை சென்னைக்குத்தான். இந்த விதி கடைசி நாளில் எவ்வளவு தூரம் வேலை செய்தது என்பதை இப்போது பார்க்கலாம்.

மார்ச் 1. சர்ச்சில் பிரதர்ஸுடன் ஆட்டம். ஜெயித்தால் அன்றே கோப்பை. 2–3 என்று தோற்றார்கள். கதவைத் திறந்து போட்டு ஆடுவதன் விலை அது. அப்புறம் ஈஸ்ட் பெங்கால் தன் ஆட்டத்தை ஜெயித்து நெருங்கி வந்தது. சென்னை 40, ஈஸ்ட் பெங்கால் 39, மிச்சம் ஆளுக்கு ஒரு ஆட்டம்.

2019 மார்ச் 9, சனிக்கிழமை மாலை. இரண்டு ஆட்டமும் ஒரே நேரத்தில். கோவையில் சென்னை சிட்டிக்கும் நடப்பு சாம்பியன் மினெர்வா பஞ்சாபுக்கும். கோழிக்கோட்டில் கோகுலம் கேரளாவுக்கும் ஈஸ்ட் பெங்காலுக்கும். இரண்டு ஊர்களும் மேற்குத் தொடர்ச்சி மலையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காரில் போனால் அரைநாள்கூட ஆகாது. நான் டிவியில் ஒன்றும் போனில் ஒன்றும் ஓடவிட்டு, காகிதத்தில் புள்ளிகளை எழுதி எழுதி அடித்துக்கொண்டிருந்தேன். அந்தக் காகிதம் எப்படி மாறியது என்பதைச் சொன்னாலே ஆட்டத்தைச் சொன்ன மாதிரி.

ஆட்டம் தொடங்கி மூன்றாவது நிமிடம், கோவையில் மினெர்வாவின் ரோலண்ட் பிலாலா கோல் அடித்துவிட்டார். பந்து வலையில் விழுந்தபோது மைதானத்துக்குள் பாதிப் பேர் இருக்கை தேடிக்கொண்டிருந்திருப்பார்கள். தோற்றால் சென்னைக்குப் புள்ளி கிடையாது, 40-லேயே நிற்கும். கோழிக்கோட்டில் 0–0, ஈஸ்ட் பெங்காலுக்கு ஒரு புள்ளி, அதுவும் 40. இரண்டும் சமம். ஆஃப் டைம் வரை இதே நிலை. பட்டியலில் சென்னை இன்னும் மேலே நின்றது என்றால் அதற்குக் காரணம் கொல்கத்தாவிலும் கோவையிலும் அடித்த அந்த இரண்டு 2–1 மட்டும்தான். ஈஸ்ட் பெங்காலுக்கு ஒரே ஒரு கோல் போதும். 45 நிமிடமும் அது வரவில்லை.

இரண்டாம் பாதியில் பத்து நிமிடம் போல ஆனபோது சென்னைக்குப் பெனால்டி. மான்சி அடித்தார், 1–1. காகிதத்தில் 41, 40. ஆனால் இதிலும் நிம்மதி இல்லை, கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் 42 ஆகிவிடும்.

70-ஆவது நிமிடத்தை ஒட்டி இரண்டு ஊரிலும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் பந்து வலைக்குள் போனது. கோவையில் கௌரவ் போரா, சென்னை 2–1. கோழிக்கோட்டில் மார்கஸ் ஜோசப், கோகுலம் 1–0. 43, 39. எழுதிய கை நடுங்கியது. நாலு புள்ளி வித்தியாசம். முடிந்தது என்று நினைத்தேன்.

முடியவில்லை. 79-ஆவது நிமிடத்தில் ஈஸ்ட் பெங்காலுக்குப் பெனால்டி, ஹைமே சாந்தோஸ் கொலாதோ சமன் செய்தார். ஆறு நிமிடத்தில் லால்டன்மாவியா ரால்டே இன்னொன்று. ஈஸ்ட் பெங்கால் 2–1, கணக்கு 42. இப்போது கோவையில் மினெர்வா ஒரு கோல் அடித்தால் சென்னை 41-க்கு இறங்கிவிடும். ஐந்து மாதம் உழைத்தது ஒரு கார்னர் கிக்கில் தொங்கிக்கொண்டிருந்தது. டிவியைப் பார்ப்பதா போனைப் பார்ப்பதா என்று தெரியாமல் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கூடுதல் நேரத்தில் போரா மறுபடி. 3–1. ஆண்டு முழுவதும் கோல்களை மான்சியும் நெஸ்டோரும் அடித்துக்கொண்டிருக்க, கோப்பையைத் தீர்மானித்த இரண்டு கோல்களை அடித்தவர் கோல் அடிப்பதைத் தடுக்கச் சம்பளம் வாங்கும் ஒரு டிஃபெண்டர்.

கொல்கத்தா ரசிகர்களின் வலியையும் குறைத்துச் சொல்ல முடியாது. தங்கள் ஆட்டத்தைப் பின்தங்கி நின்று ஜெயித்திருக்கிறார்கள். செய்ய வேண்டியதைச் செய்தும் கிடைக்கவில்லை. பதினைந்து வருடக் காத்திருப்பு இன்னும் நீண்டது.

அதே பருவத்தில் சென்னையின் எஃப்.சி. என்ன செய்தது என்பதையும் ஓரமாகக் குறித்து வைக்கலாம். ஐ.எஸ்.எல். பட்டியலில் பத்துக்குப் பத்தாவது. 18 ஆட்டத்தில் 9 புள்ளி. பெரிய லீக், சின்ன லீக் என்று பேசுகிறவர்கள் அந்த ஆண்டு சென்னையில் கொஞ்சம் அடக்கி வாசித்தார்கள்.

முன்னால் சொன்ன சாட்சி இதுதான். 2019 ஏப்ரலில் புவனேஸ்வரில் சூப்பர் கோப்பை. இரண்டு லீகின் கிளப்புகளும் மோதும் ஒரே மேடை. தங்கள் எதிர்காலத்தைப் பற்றிச் சம்மேளனம் வாய் திறக்கவில்லை என்று ஐ-லீக் கிளப்புகள் பல அதைப் புறக்கணித்தன. சென்னை சிட்டி ஆடியது. காலிறுதியில் எதிரே பெங்களூரு எஃப்.சி., அந்த ஆண்டின் ஐ.எஸ்.எல். சாம்பியன், சுனில் சேத்ரியின் அணி. 2–1 என்று சென்னை சிட்டி ஜெயித்தது. அரையிறுதியில் கோவாவிடம் 0–3 என்று தோற்றதும் உண்மை. ஒரு ஆட்டத்தை வைத்து எந்த லீக் பெரிது என்று தீர்ப்பு எழுத முடியாது. ஆனால் அந்தக் கோப்பை காலி வீட்டில் கிடைத்தது என்று சொல்பவர்களுக்கு இந்த 2–1 போதுமான பதில்.

இதற்கப்புறம் நடந்ததை வேகமாகவே சொல்லிவிடலாம், சுகமான கதை இல்லை. 2019 அக்டோபரில் கோலாலம்பூரில் ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் முன்னிலையில் முடிவானது: இனி ஐ.எஸ்.எல்.தான் நாட்டின் முதல்நிலை லீக். 2007-இல் இருந்து முதல்நிலையில் இருந்த ஐ-லீக்கின் கடைசி சாம்பியன் என்ற இடம் இப்படித்தான் சென்னை சிட்டிக்குக் கிடைத்தது. ஐ-லீகை வெல்பவர் மேலே ஏறலாம் என்ற வழி அந்தத் திட்டத்தில் இருந்தது, ஆனால் அது 2022-23-இல் இருந்து. முன்தேதியிட்டு யாருக்கும் எதுவும் இல்லை. சாம்பியன் ஆனவுடன் மேலே போக ஏணி இருந்திருந்தால் அணியைக் கலைக்காமல் வைத்திருக்க உரிமையாளருக்கும் ஒரு காரணம் இருந்திருக்கும், தங்கிவிட வீரர்களுக்கும் ஒரு காரணம் இருந்திருக்கும்.

சுவிட்சர்லாந்தின் எஃப்.சி. பாசல் 2019 தொடக்கத்தில் கிளப்பின் 26 சதவீதப் பங்கை வாங்கியிருந்தது. ஐரோப்பியக் கிளப்பின் பெயர் பின்னால் நின்றதே தவிர, வீரர்கள் நிற்கவில்லை. நெஸ்டோர் ஹைதராபாதுக்குப் போக முயன்று, ஒப்பந்தச் சிக்கலில் தடை வாங்கினார். மான்சி ஜப்பானின் அல்பிரெக்ஸ் நீகாட்டாவுக்குப் போனார். எட்வின் சென்னையின் எஃப்.சி.க்கு, போரா ஒடிசாவுக்கு. பின்னர் ரொமாரியோ கோவாவுக்கு, அஜித் பெங்களூருக்கு.

ஐ-லீக் சாம்பியனுக்குக் கிடைத்த பரிசு ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்று. 2020 ஜனவரியில் பஹ்ரைனின் ரிஃபா அணியோடு சொந்த மண் ஆட்டம். அந்தச் சொந்த மண் கோவையில் இல்லை, அகமதாபாத்தில். 0–1. மார்ச்சில் ஆசியாவின் இரண்டாம் நிலைப் போட்டியான ஏ.எஃப்.சி. கோப்பையில் மாலத்தீவின் மாசியாவோடு 2–2 டிரா, அப்புறம் கொரோனா வந்து அந்தப் போட்டியே ரத்தானது. 2020-21 ஐ-லீகை முழுக்க மேற்கு வங்கத்திலேயே அடைத்து வைத்து நடத்தினார்கள். பட்டியலின் அடியில் தத்தளித்தது சென்னை சிட்டி. 2021-22 பருவத்துக்கான அணிகளில் அந்தப் பெயரே இல்லை.

அந்த 2018-19 பட்டியலில் மற்றவர்கள் எங்கே போனார்கள்? மோகன் பகான் 2020-இல் ஏ.டி.கே. என்ற கொல்கத்தாவின் ஐ.எஸ்.எல். கிளப்போடு சேர்ந்து ஐ.எஸ்.எல்.லுக்குப் போனது. ஒரு புள்ளியில் தோற்ற ஈஸ்ட் பெங்காலும் அதே ஆண்டு போனது. அன்று கோவையில் மூன்றாவது நிமிடத்தில் கோல் அடித்த மினெர்வா, கைமாறி, பெயர் மாறி, 2022-23 ஐ-லீகை வென்று, ஆட்டத் தகுதியால் ஐ.எஸ்.எல்.லுக்கு ஏறிய முதல் கிளப் ஆனது. கோப்பையை வென்ற கிளப்தான் இல்லை. எட்வின், ரொமாரியோ, அஜித் மூவரும் ஐ.எஸ்.எல். சட்டைகளில் ஆடிக்கொண்டிருந்தார்கள்.